பேசக் கூடாத வாங்கு

1. மண்டபத்தில் மீன் மணம்

அன்றைக்குச் சபையில் தெருவிளக்குச் சண்டை போய்க்கொண்டிருந்தது. தன் வட்டாரத்துக்கு மட்டும் பல்ப் வருவதில்லை என்று ஓர் உறுப்பினர் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். தெருவிளக்குச் சண்டை இல்லாத கூட்டம் எங்கள் பிரதேச சபையில் நடந்ததே கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் தேநீர் வரும். நானும் பேனையைக் கீழே வைப்பேன். கூட்டறிக்கைக்கு "தெருவிளக்குத் தொடர்பாகக் கலந்துரையாடப்பட்டது" என்ற ஒரு வரி போதும்.

அப்போதுதான் மாஸ்டர் எழுந்தார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தேர்தலில் நின்று உறுப்பினரானவர். வகுப்பில் நிற்பதைப் போலவே சபையிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, வெளிச்சத்தப் பத்திப் பிறகு கதைப்பம். இந்த மண்டபத்துக்க மீன் மணக்குது."

எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். கடைசிச் சுவரோரம் நாலைந்து பேர் உட்காரக்கூடிய ஒரு நீள மர வாங்கு கிடக்கும். அதில் பிலோமினா அக்கா இருந்தார். காலடியில் மீன் கெடாமல் வைக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டி. மேலே ஈரச் சாக்கு. பெட்டிக்குள் விற்று முடியாத மணலை மீனும் இறாலும் ஐசில் கிடந்தன.

நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் சபை அலுவலகத்தில் சபைக் கிளை என் பொறுப்பில் இருந்தது. கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, உறுப்பினர்களுக்கு அறிவித்தல் அனுப்புவது, பேசுவதைக் குறித்துக் கூட்டறிக்கை எழுதுவது, எடுத்த தீர்மானம் எந்த மேசையில் படுத்துக் கிடக்கிறது என்று தேடிப் பிடிப்பது எல்லாம் என் வேலை. தவிசாளருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை. அந்தக் கதிரையிலிருந்து பார்த்தால் நேரெதிரே தெரிவது அந்த வாங்கு. பொதுமக்கள் யாரும் வந்து இருந்து சபை நடப்பதைப் பார்க்கலாம். பேசக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் யாரும் வருவதில்லை. உறுப்பினர்களின் சாரதிகள் வெயில் தாங்காமல் வந்து அதில் தூங்குவார்கள்.

பிலோமினா அக்கா வரத் தொடங்கிய பிறகுதான் அது பார்வையாளர் வாங்கு ஆனது.

2. அவர் அங்கே வந்த கதை

அவர் முதலில் என்னிடம் வந்தது சண்டைக்கு. சபைச் சந்தையில் மீன் விற்கிற பெண்களில் ஒருவர். வாவி வளைந்து உள்ளே நுழைகிற இடத்துக்கு அந்தக் கரையில் வீடு. விடியற்காலையில் தோணி ஏறிச் சந்தைக்கு வருகிறவர்கள் அவரும் அவருடைய கூட்டமும். சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. அதைக் கேட்டுத்தான் வந்தார்.

"நான் ஏறாத படி இல்ல மிஸ். ஊர் விதானையிட்டக் கேட்டன், பிரதேச செயலகத்துக்குப் போகச் சொன்னார். அங்க போனன், இது எங்கட இல்லை எண்டாங்க. புளியந்தீவுக்குப் போய் மாவட்டக் கச்சேரியிலயும் நிண்டன். எங்கட பங்குச் சுவாமியும் ஆருக்கோ போன் எடுத்தார். எல்லாரும் அன்பாத்தான் கதைக்கிறாங்க. ஒருத்தரும் செய்யிறாங்கல்ல."

எங்கள் பக்கத்தில் படித்தவர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு. பிரதேச செயலகம் அரசாங்கத்தின் அலுவலகம். பிரதேச சபை நாம் வாக்குப் போட்டு உண்டாக்குவது. பதிவுகள், கொடுப்பனவுகள் என்று செயலகத்துக்கு அதன் வேலைகள் இருக்கின்றன. சந்தை, சிறு வீதி, தெருவிளக்கு, குப்பை, மயானம், நூலகம் இதெல்லாம் சபைக்குரியவை. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் சனம் பாதி நாளை அந்தப் படியிலேயே கழித்துவிடுகிறது.

"சந்தை சபைக்குரியதுதான் அக்கா," என்றேன். "ஆனா நான் கட்டித் தர ஏலா. சபைச் செயலாளரும் நினைச்ச உடன கட்ட ஏலா. ஓர் உறுப்பினர் சபையில பிரேரணை கொண்டு வரணும். இன்னொருத்தர் ஆமோதிக்கணும். சபை ஓம் எண்டா, வாற வருசப் பாதீட்டில, அதான் பட்ஜெட்டில, காசு வைப்பாங்க."

"ஆருட்டக் கேக்கிற?"

அங்கேதான் சிக்கல். அக்காவின் வட்டார உறுப்பினர், சந்தை தன்னுடைய வட்டாரத்தில் இல்லை என்றார். சந்தை இருக்கும் வட்டாரத்தின் உறுப்பினர் இன்னும் வெளிப்படையான மனிதர். "அவங்கட வோட்டு அந்தக் கரையிலெல்லா இரிக்கு" என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். விடியலிலிருந்து மதியம் வரை சந்தையிலேயே வாழ்கிற பெண்களுக்கு அந்தச் சந்தையில் ஓர் உறுப்பினர் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கதிரையில் இருக்கிற உத்தியோகத்தர் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"மாதக் கூட்டத்துக்கு வாங்க அக்கா. பின்னால வாங்கு இரிக்கு. ஆரும் வந்து இரிக்கலாம்."

"கதைக்கலாமா?"

"கதைக்க ஏலா."

"கதைக்க ஏலாட்டி ஏன்கா மிஸ் நான் இரிக்கிற?"

"நீங்க இரிக்கிறது அவங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வந்தார். அதற்கடுத்த கூட்டத்துக்கும் வந்தார். வியாபாரம் முடிய நேரமெடுத்தால் பெட்டியோடு வந்தார். கையை மடியில் வைத்து, யார் பேசுகிறார்களோ அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசுகிறவர்கள் மெல்ல மெல்லத் தங்கள் சட்டையைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். வேறொன்றும் நடக்கவில்லை, அந்த மணம் வரும் வரை.

3. கேள்வி நடந்து போய் வந்தது

மாஸ்டர் சும்மா குறை சொல்லிவிட்டு இருந்திருந்தால் விடயம் அத்தோடு முடிந்திருக்கும். தவிசாளருக்கு அன்றைக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. "அதப் பிரேரணையாக் கொண்டு வாறீங்களோ மாஸ்டர்?" என்றார்.

"ஓம், கொண்டு வாறன். பார்வையாளர் விற்பனைப் பொருளோட சபைக்குள்ள வரக்கூடாது."

பிரேரணை என்று ஒன்று வந்துவிட்டால் அது கூட்டறிக்கைக்குள் வரத்தான் வேண்டும். விவாதிக்கவும் வேண்டும். நான் பேனையை எடுத்தேன். தெருவிளக்குக்காரர் தட்டுவதை நிறுத்தினார்.

கௌசல்யா எழுந்தாள். பெண்களுக்கான ஒதுக்கீட்டில் வந்த இளம் உறுப்பினர். சபையில் அதிகம் பேசமாட்டாள்.

"மணக்குது எண்டா ஏன் மணக்குது எண்டும் கேக்கணுமே, தவிசாளர் அவர்களே. அவ ஏன் பெட்டியோட வந்திரிக்கா?"

"கேக்கலாம். ஆனா பார்வையாளர் இங்க கதைக்க ஏலா." தவிசாளர் என் பக்கம் திரும்பினார். "அப்பிடித்தானே மிஸ்?"

"ஓம் சேர்."

"அப்ப நான் போய்க் கேட்டுட்டு வாறன்," என்று சொல்லிவிட்டுக் கௌசல்யா கதிரைகளுக்கு நடுவால் நடந்து வாங்குக்குப் போனாள். குனிந்து கேட்டாள். பிலோமினா அக்காவுக்குக் குசுகுசுக்கத் தெரியாது. மீன் விலை கூவிக் கூவித் திறந்த தொண்டை.

"வெளியில வச்சா நாய் வாய் வைக்கும் மகள். சந்தையில வச்சிட்டு வாறண்டா ஆரு பாக்கிற?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. ஆனாலும் தவிசாளர் கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார். கௌசல்யா தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்று, "வெளியில் வைத்தால் பாதுகாப்பில்லை என்கிறார், தவிசாளர் அவர்களே" என்றாள். நான் எழுதினேன். சபையில் உறுப்பினர் சொன்னால்தான் அது சொன்னதாகும்.

"சரி, மாசா மாசம் ஏன் வாறாவாம்? என்ன வேணுமாம்?" என்றார் தவிசாளர்.

கௌசல்யா மறுபடியும் நடந்தாள். இப்போது சிலர் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிலோமினா அக்கா மட்டும் கொஞ்சமும் திகைக்கவில்லை. கேள்வி ஒரு வாயில் பிறந்து இன்னொரு வாய் வழியாக வருவதும், பதில் அதே வழியில் போவதும் அவருக்குப் புதிதில்லை போலிருந்தது. அது ஏன் என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது.

"சந்தையில பொம்புளையளுக்கு ஒரு கக்கூசு இல்ல மகள். விடியக் கருக்கல்ல தோணி ஏறினா, மறுகா வீட்ட போய்த்தான். அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்கிறல்ல. ஒரு மிடறு வாயில விடுறல்ல. போன மாசம் நம்மட செல்வி வெயிலுக்க மயங்கி மீனுக்கு மேலேயே விழுந்தவ. நீ ஒரு பொம்புளதானே, உனக்கு நான் விளக்கணுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. கௌசல்யா இந்த முறை மெதுவாக வந்தாள். முன்னால் பெரும்பாலும் ஆண்கள். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் ஏற்கனவே கேட்டுவிட்ட ஒன்றை அவள் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்கள், மலசலகூடம் இல்லாததால், வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை, தவிசாளர் அவர்களே."

ஒவ்வோர் உறுப்பினருக்கு முன்னாலும் தேநீர் இருந்தது. யாரும் கோப்பையைத் தொடவில்லை. மாஸ்டர் நின்றபடியே, பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார்.

"நான் என்ட பிரேரணைய வாபஸ் வாங்கிறன்."

"வாபஸ் வாங்க வேணாம் மாஸ்டர்," என்றார் தவிசாளர். "திருத்திக் கொண்டு வாங்க."

மாஸ்டர் அதைக் கௌசல்யாவிடமே விட்டார், சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம் கட்ட வேண்டும் என்று அவள் முன்மொழிந்தாள். மாஸ்டர் ஆமோதித்தார். ஏகமனதாக நிறைவேறியது. என் கூட்டறிக்கையில் பிலோமினா அக்காவின் பெயர் எங்கும் இல்லை. பார்வையாளரின் பேச்சை எழுதக் கூடாது. ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் சொல்லாத ஒரு வார்த்தையும் இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். "கதைக்க ஏலாது எண்டீங்க மிஸ்," என்றார். முகத்தில் சிரிப்பு.

4. பூட்டிய மண்டபம்

பாதீட்டில் காசும் வைத்தார்கள். பாதீட்டு வரைவைச் சில நாட்கள் அலுவலக முன்மண்டபத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைப்போம். வேண்டாததை எதிர்க்கலாம், விடுபட்டதைக் கேட்கலாம். வந்து படிக்கிறவர்களை விட, அதன் மேல் கைப்பையை வைத்துவிட்டு வேறு அலுவல் பார்க்கிறவர்கள்தான் அதிகம். அக்கா ஒரு கூட்டம் பெண்களை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். சந்தை மலசலகூடத்துக்குக் காசு ஒதுக்கிய வரியை வாசித்துக் காட்டினேன். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

எந்த இடத்தில் கட்டுவது, எந்தப் பக்கம் பார்க்கக் கட்டுவது என்பதைச் சபையின் குழு சந்தைக்குப் போய், அந்தப் பெண்களையும் வைத்துக் கதைத்துத் தீர்மானிப்பதாக இருந்தது. குழுக்களில் ஊரவர்களையும் கூப்பிட்டுக் கேட்கச் சபைக்கு இடமுண்டு. அந்தக் குழு கூடுவதற்கு முன்னால் சபையின் காலம் முடிந்துவிட்டது. தேர்தல் வரும் என்றார்கள், வரவில்லை. பிறகு வரும் என்றார்கள், அப்போதும் வரவில்லை. சபையில்லாத காலத்தில் செயலாளர்தான் எல்லாம்.

நேர்மையாகச் சொல்லவேண்டும், வேலை சுறுசுறுப்பாக நடந்தது. எங்கள் செயலாளர் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர், கோப்பைக் கிடப்பில் போடத் தெரியாதவர். பல்ப் எரியவில்லை என்றால் அன்றைக்கே ஆள் போகும். மேசையில் தட்ட யாருமில்லை. என்னுடைய வேலைதான் இல்லாமல் போனது. கூட்டறிக்கை எழுதியவளை வேறு கிளைக்குப் போட்டார்கள், நாள் முழுக்கக் கோப்புக்கு இலக்கம் போட்டேன்.

மண்டபத்தில் பல்ப் பெட்டிகளையும் நுளம்புப் புகை அடிக்கிற இயந்திரத்தையும் வைத்துப் பூட்டினார்கள். பூட்டுக்குத் திறப்பு என்னிடம்தான் இருந்தது. சில நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்து உள்ளே போவேன். யாரும் கேட்டால் தூசு தட்டப் போகிறேன் என்பேன். உண்மை அதுவல்ல. எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. தெருவிளக்குச் சண்டை வேண்டியிருந்தது. "மிஸ், இத எழுதாதீங்க" என்று ஒருவர் கத்த, "எழுதுங்க மிஸ்" என்று மற்றவர் கத்துகிற அந்த இரைச்சல் எவ்வளவு நல்ல இரைச்சல் என்று, அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் கதிரையில் இருந்து எதிரே பார்ப்பேன். வாங்கின் மேல் பல்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

பிலோமினா அக்கா அப்போதும் வந்தார். வழக்கமான கூட்ட நாளில் பெட்டியோடு வந்து விறாந்தையில் நிற்பார்.

"இண்டைக்கும் கூட்டமில்லையா மிஸ்?"

"சபை கலைஞ்சிட்டுதக்கா. எலெக்சன் வச்சாத்தான் கூடும்."

"அது எப்ப?"

"தெரியா."

"சரி, வந்த கால் ஆறட்டும்," என்று கொஞ்ச நேரம் படியில் இருந்துவிட்டுப் போவார். நான் தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டார். "இன்னும் வியாபாரம் கிடக்கு மிஸ்" என்பார்.

அந்த நிலையில்தான் நான் ஓய்வுபெற்றேன். பிரியாவிடை வைத்தார்கள், மாலை போட்டார்கள். மண்டபத் திறப்பைத் திருப்பிக் கொடுத்தபோது மட்டும் எனக்குக் கை வரவில்லை.

5. கதவு

ஓய்வுபெற்று சில மாதங்களில், சந்தையில் மலசலகூடம் கட்டித் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். செயலாளர் பாதீட்டில் கிடந்த காசைத் தேடி எடுத்து, தீர்மானத்தில் இருந்தபடியே செய்திருந்தார். எனக்கு மனம் நிறைந்துபோனது. இறால் வாங்குகிற சாட்டில் பார்க்கப் போனேன்.

புதுக் கட்டடம், வெள்ளை மாபிள், தண்ணீர்த் தாங்கி, எல்லாம் இருந்தது. கதவில் பூட்டும் இருந்தது.

பிலோமினா அக்கா என்னைக் கண்டதும், "வாங்க தங்கச்சி" என்றார். மிஸ் போய்விட்டது. அதற்கு நான் சந்தோஷப்பட்டேனா கவலைப்பட்டேனா என்று இன்னும் தெரியவில்லை.

"கட்டியாச்சே அக்கா. பிறகென்ன?"

அவர் நாடியால் காட்டினார். "கதவு எங்க பாக்குது எண்டு பாருங்க."

கதவு வீதியைப் பார்த்திருந்தது. நேரெதிரே ஓட்டோத் தரிப்பிடம். வரிசையாக ஓட்டோக்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண், வேலையில்லாத கண்.

"பாத்தாப் பாக்கட்டுமே அக்கா. ஆத்திர அவசரத்துக்கு என்ன வெக்கம்?"

"மற்றவன் பாத்தாப் பரவால்ல தங்கச்சி. அந்த மூண்டாவது ஓட்டோ ஆருட தெரியுமா? எங்கட மருமகன்ட. அடுத்தது செல்விட மருமகன். அங்கால பச்சச் சேட்டு, அதும் நம்மட ஊருக்கு வந்த மாப்பிள்ளதான். மருமகன் பாத்திட்டிரிக்க மாமி உள்ள போய் வாறதா? செத்தாலும் ஏலா."

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஒரே வளவுக்குள் ஆயுள் முழுக்க இருப்பார்கள். ஆனாலும் பல வீடுகளில் மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைப்பதில்லை. கதவு நிலைக்குப் பின்னால் நின்று, "தம்பிக்குச் சோறு போட்டாச்சு எண்டு சொல்லு மகள்" என்பார். நடுவில் நிற்கிற மகள் சொல்லுவாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், ஆனாலும் மகள் சொன்ன பிறகுதான் எழும்புவார். அன்றைக்குச் சபையில் கௌசல்யா நடந்து நடந்து கேட்டபோது அக்கா ஏன் திகைக்கவில்லை என்று அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

நேரே செயலாளரிடம் போனேன். அவர் கதிரை போட்டு, தேநீர் சொல்லிவிட்டு, நான் வாய் திறக்கும் முன்னரே தொடங்கினார்.

"கட்டிக் குடுத்தும் பாவிக்கிறாங்கல்ல மிஸ். வெளியாக்கள் வந்து ஊத்தையாக்கினதுதான் மிச்சம், பூட்டிப் போட்டன். எனக்கு மனமே விட்டுப்போச்சு."

மருமகன்மாரின் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு தலையில் கையை வைத்தார்.

"தண்ணிக் குழாய் வீதிப் பக்கம் எண்டுதான் எங்கட டெக்னிக்கல் ஒபிசர் அப்பிடிப் பிளான் கீறினவர். எனக்கும் சரியாத்தான் தெரிஞ்சது. இத ஒருத்தரும் சொல்லல்லையே மிஸ்."

"சொல்லுற இடம் பூட்டிக் கிடந்தது சேர்."

அவருக்குச் சுருக்கென்றிருக்கும். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு நினைத்தேன், ஆனால் அவர் கோபிக்கவில்லை. "புதுசாக் கட்டினத உடைச்சா கணக்குப் பாக்கிற ஓடிட்காரர் என்னப் பிடிப்பாங்க. சபை வந்து ஒரு தீர்மானம் போட்டுத் தரட்டும். அடுத்த நாளே சுவர உடைக்கிறன்," என்றார்.

ஆக, மலசலகூடம் இருந்தது. பெண்கள் தண்ணீர் குடிக்கவில்லை. எல்லோரும் தேர்தலுக்குக் காத்திருந்தோம்.

6. வாங்கின் இந்தப் பக்கம்

தேர்தல் வந்தது. கௌசல்யா இம்முறை நிற்கவில்லை, கணவரோடு கொழும்புக்குப் போய்விட்டாள். பழைய ஆட்களில் மாஸ்டர் மட்டும் மிஞ்சினார். தவிசாளர் முதல் எல்லாம் புது முகங்கள்.

பிரேரணையை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால் கூட்டத்துக்கு முன்னரே மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். அவர் முழுவதையும் கேட்டார், மருமகன்மார் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கொண்டு வாறன்," என்றார். பிறகு, "பிலோமினாவ மீன் பெட்டியோட வரச் சொல்லுங்க மிஸ். மணம் இல்லாட்டி இவங்களுக்கு விளங்காது."

கூட்ட நாளன்று நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் வாங்கில் இருந்தோம். பெட்டி எங்கள் இருவரின் காலுக்கும் நடுவில். என் பழைய கதிரையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள், பேனையை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் எத்தனையோ தடவை பார்த்த அந்த மண்டபம் இந்தப் பக்கத்திலிருந்து நீளமாகத் தெரிந்தது. எனக்கு அந்தக் கதிரை வேண்டும் போலிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுந்து போய் அந்தப் பிள்ளையை எழுப்பிவிட்டு இருக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

தெருவிளக்குச் சண்டை தொடங்கியது. எனக்குக் கண் கலங்கியது. பல்ப்புக்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

நடுவில் ஒரு புது உறுப்பினர் மூக்கைச் சுளித்தார். "என்னவோ மணக்குதே."

மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்தார். "தவிசாளர் அவர்களே, அந்த மணத்த எனக்குத் தெரியும். முந்தின சபையில நான்தான் அதுக்கு எதிராப் பிரேரணை கொண்டு வந்தன். அந்தப் பிரேரணை எங்க போய் முடிஞ்சது எண்டு புது ஆக்கள் கேக்கணும்."

வகுப்பெடுப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மருமகன்மாரிடம் வந்தபோது மண்டபம் சிரித்தது. ஓர் உறுப்பினர் மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டோச் சங்கத்திலிருந்து வந்த இளைஞர். எழுந்து நின்றார், வாங்குப் பக்கம் திரும்பவேயில்லை.

"நானும் அந்தத் தரிப்பிடத்திலதான் ஓட்டோ விட்டனான். என்ட மாமியும் அங்க மீன் விக்கிறவ. இப்பிடி ஒரு கரைச்சல் எங்களால எண்டு தெரியா." தவிசாளர் பக்கம் திரும்பினார். "மாஸ்டர்ட பிரேரணைய நான் ஆமோதிக்கிறன். கதவ மீன் வரிசைப் பக்கம் திருப்பி வைக்கணும்."

நிறைவேறியது. என் வலது கை தானாக மடியில் எழுதத் தொடங்கியிருந்தது. அந்தச் சின்னப் பெண் ஆமோதித்தவரின் பெயரைக் கேட்காமல் அடுத்த விடயத்துக்குப் போவதைக் கண்டேன். பெயரில்லாமல் தீர்மானம் நிற்காது. என் வாய் திறந்துவிட்டது.

பிலோமினா அக்கா என் தொடையில் தட்டினார். "கதைக்க ஏலா தங்கச்சி."

அந்தச் சட்டத்தை அவருக்குச் சொன்னவள் நான்தான். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தச் சின்னப் பெண் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். நான் இளைஞரையும் அவள் பேனையையும் கண்ணால் மாறி மாறிக் காட்டினேன். அவள் சடாரென்று, "ஆமோதிச்ச உறுப்பினர்ட பேர் சேர்?" என்றாள். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்துதான் போனேன், பஸ் ஏற மனமில்லை.

இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். சபையில் கேட்பதற்குப் பெரிய வழிகள் இருக்கின்றன: வட்டார உறுப்பினரைப் பிடிக்கலாம், பாதீட்டைப் படிக்கலாம், குழுவில் சேரலாம். எதுவும் சரிவராவிட்டாலும் அந்த வாங்கு இருக்கிறது. போய் இருங்கள். நீங்கள் இல்லாத இடத்தில் நல்லவர்கள்கூடக் கதவை வீதிப் பக்கம்தான் வைப்பார்கள்.

நேற்றுச் சந்தைக்குப் போனேன். செயலாளர் சொன்னபடி ஆள் அனுப்பியிருக்கிறார். மீன் வரிசைப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டியால் கதவின் அளவைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். உடைக்க இன்னும் வரவில்லை. மேசன் வேறு வேலையில் நிற்கிறாராம். பிலோமினா அக்கா அந்தக் கரிக்கோட்டுக்கு நேரெதிரே தன் இடத்தை மாற்றிக்கொண்டு இருக்கிறார். தராசுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல், கடையில் வாங்கிய புதுப் போத்தல், மூடியின் முத்திரைகூட உடைபடவில்லை. சந்தையில் அவரிடம் தண்ணீரைக் கண்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

வெயில் தகரத்தின் மேல் ஏறிவிட்டிருந்தது. அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஒரு மிடறு குடிங்களன் அக்கா."

"கதவு வரட்டும் தங்கச்சி."

போத்தலில் ஒட்டியிருந்த மீன் செதிலைச் சேலைத் தலைப்பால் துடைத்து, வெயில் படாத பக்கமாக அதை நகர்த்தி வைத்தார்.